நாலு தட்டுக் காடைக் கூடும் செராமிக் ஹீற்றரும்: 2021 இலிருந்து பாவித்த அனுபவம்

எங்கள் கோண்டாவில் வளவில் காடைக் கூட்டைப் பார்க்க வருகிறவர்கள் குஞ்சுத் தட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே தொங்குகிற ஹீற்றரைக் காட்டி முதலில் கேட்பது, “உது எத்தினை வாட்ஸ்?” என்றுதான். 100 வாட்ஸ். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு போய் அப்படியே பூட்டினால் குஞ்சு தப்பும் என்று சொல்லமாட்டேன். சூட்டை அளக்கிற சென்சர் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இவ்வளவு காலப் பாவனைக்குப் பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த ஒன்றைத்தான்: குஞ்சு சாவதும் பிழைப்பதும் சென்சர் வைத்த இடத்தில் இருக்கிறது.

ஜப்பானியக் காடை 17, 18 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு 7, 8 கிராம்தான். உடம்பு அவ்வளவு சிறிதென்றால் சூடு இறங்குவதும் அவ்வளவு வேகம். முதல் கிழமை 35 முதல் 37 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். மூன்றாம், நான்காம் கிழமையில் இறகு மூடிவிட்டால் யாழ்ப்பாணத்து வெயிலே போதும், ஹீற்றரைக் கழற்றிவிடலாம். ஆறேழு கிழமையில் முட்டை இடத் தொடங்கிவிடும்.

கூட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். இரும்புச் சட்டம், நாலு தட்டு. ஒவ்வொரு தட்டும் 4 அடி நீளம், 2 அடி அகலம், 10 அங்குல உயரம். உயரத்தைக் கூட்டச் சொல்லி வேலை செய்தவர் எவ்வளவோ சொன்னார், நான் விடவில்லை. காடை வெருண்டால் நெட்டுக்கு மேலே பாயும். ஒன்றரை, இரண்டு அடி உயரம் விட்டால் வேகம் எடுத்துப்போய்த் தலையை அடித்துக்கொள்ளும். 10 அங்குலத்தில் அந்த வேகம் வராது. பெரிய காடைக்கு அடியில் அரை அங்குல வலை, குஞ்சுத் தட்டுக்குக் கால் அங்குல வலை. முட்டை உருண்டு முன்னுக்கு வருகிற அளவுக்குத் தளம் கொஞ்சம் சரிவு. சதுர அடிக்கு ஐந்தாறு காடை விடலாம் என்பார்கள். நான் நாலுக்கு மேல் விடுவதில்லை, எங்கள் வெக்கைக்கு அதுதான் சரி.

குஞ்சுத் தட்டை எதில் வைப்பது? சூடான காற்று மேலே போகும். கீழ்த் தட்டில் ஹீற்றரைப் பூட்டினால் மேலே முட்டையிடுகிற காடைகள் இரவெல்லாம் வாயைத் திறந்து இளைக்கும். அதனால் மேல் தட்டுத்தான் குஞ்சுக்கு. ஆனால் மேலே வெறும் தகரக் கூரை இருந்தால் சித்திரை, வைகாசியில் அந்தத் தட்டு அடுப்பாகிவிடும். எங்கள் கொட்டிலில் தகரத்துக்குக் கீழே கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, வேய்ந்திருக்கிறது. இந்தக் கூட்டுக்குச் செய்த செலவுகளில் மிகக் குறைந்த காசுக்கு மிகக் கூடிய பலன் தந்தது அந்தக் கிடுகுதான்.

சூடு வைக்கும் முறைக்கு எனக்கு வழிகாட்டியது கோழிக்காரர் இல்லை, பாம்பு வளர்ப்பவர்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் மகன் மலைப்பாம்பு வளர்க்கிறான். அவனுடைய கூடும் தட்டுத் தட்டாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் இழுத்தெடுக்கிற பிளாஸ்ரிக் பெட்டி, பின்பக்கத்தில் மட்டும் கீழே சூட்டுப் பட்டி, முன்பக்கம் குளிர்ச்சி. பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குப் போய்ப் படுக்கும். சூட்டைப் பார்த்துத் தானே கரண்டைப் போட்டு அணைக்கிற தெர்மோஸ்ராற் இல்லாமல் அவன் ஒரு பெட்டிக்கும் கரண்ட் கொடுக்கமாட்டான். பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைக்காமல், போய்வர இரண்டு பக்கம் கொடுக்கிற அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்தேன். 4 அடித் தட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பலகையால் அடைத்து அதற்குள் சூடு. மிச்சம் திறந்த வலை. தீனும் தண்ணீரும் நடுவில்.

அவன் அன்பாக ஒரு சூட்டுப் பாயும் அனுப்பினான். அதை நான் பாவிக்கவில்லை. கனடாக் கரண்ட் 120 வோல்ட், எங்களுடையது 230. நேரே குத்தினால் கிட்டத்தட்ட 3.7 மடங்கு சக்தி இழுத்து எரிந்துபோகும். வெளிநாட்டுப் பார்சலில் ஹீற்றர் வருகிற வீடுகள் எல்லாம் ஒட்டியிருக்கிற எழுத்தை வாசித்துவிட்டுத்தான் பிளக்கைத் தொடவேண்டும். வோல்ட் சரியாக இருந்தாலும் குஞ்சுக்கு நான் கீழ்ச்சூடு கொடுக்கமாட்டேன். குஞ்சு தாயின் இறகுக்கடியில் நிற்கிற பிறவி, முதுகுக்குச் சூடு கேட்கும். தரையில் சூடு வைத்தால் எச்சமும் சிந்திய தண்ணீரும் அவிந்து மணக்கும்.

ஆகவே மேலிருந்து செராமிக் ஹீற்றர், அதாவது பல்ப் மாதிரி ஹோல்டரில் பூட்டுகிற பீங்கான் ஹீற்றர். முதலில் 60 வாட்ஸ் குண்டு பல்ப்தான் போட்டிருந்தேன். சூடு போதும். ஆனால் இரவு முழுக்க வெளிச்சம், குஞ்சு ஒன்றையொன்று கொத்தும், தெர்மோஸ்ராற் அணைத்து அணைத்துப் போடுவதால் பல்பும் கெதியாகப் போய்விடும். செராமிக்கில் வெளிச்சமே இல்லை. வாங்கியது இன்றைக்கும் வேலை செய்கிறது. பாதி நேரம் எரிந்தாலும் ஒரு நாளைக்கு 1.2 அலகு கரண்ட்தான். இரண்டு விஷயம் கவனம்: அதன் முகம் 200 பாகைக்கு மேல் சுடும், பிளாஸ்ரிக் ஹோல்டரில் பூட்டினால் உருகி விழும். பீங்கான் ஹோல்டரும் சுற்றிக் கம்பிக்கூடும் கட்டாயம். முதல் மூன்று நாலு நாள் குஞ்சு தீனைக் கண்டுபிடிக்கச் சின்ன எல்ஈடி ஒன்று தனியாக எரியட்டும். தண்ணிக் கிண்ணத்துக்குள் சின்னக் கல்லுப் போடுங்கள், இந்த அளவுக் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கும். வழுக்கும் பேப்பர் விரிக்கவேண்டாம், கால் விரிந்து நடக்கமுடியாமல் போகும். சாக்கு விரித்தால் நல்லது.

இப்போது சென்சர். ஹீற்றருக்கு நேர் கீழே வைத்தால் அது கெதியாகச் சூடாகி அணைத்துவிடும், சுற்றி நிற்கிற குஞ்சு குளிரில் நெருக்கும். குளிர்ந்த முனையில் வைத்தால் ஹீற்றர் அணையவே அணையாது. நான் வைத்திருப்பது சூட்டு வட்டத்தின் ஓரத்தில், தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில், அதாவது குஞ்சின் முதுகு மட்டத்தில். வயரை ரியூப்புக்குள் விட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன், ஆடிக்கொண்டு தொங்கினால் கணக்குப் பிழைக்கும். பிறகு இலக்கத்தை விட்டுவிட்டுக் குஞ்சைப் பாருங்கள். குவிந்து கத்தினால் குளிர். தூர மூலையில் ஒட்டி இளைத்தால் சூடு. பரந்து கிடந்து தூங்கினால் சரி.

தெர்மோஸ்ராற்றுக்கு எஸ்ரிசி-1000 பாவிக்கிறேன். முதல்முறை பூட்டுகிறவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது: அதன் ஹீற்றிங் முனையிலிருந்து தானாகக் கரண்ட் வராது. உள்ளே இருப்பது வெறும் சுவிட்ச், லைவ் வயரை நாங்கள்தான் அதற்கூடாக எடுத்துவிடவேண்டும். வித்தியாசத்தை 1 பாகையில் வைத்தால், 35க்கு அமைத்தது 34இல் எரிந்து 35இல் அணையும். கூலிங் முனையில் சின்னப் பங்கா ஒன்றைப் பூட்டியிருக்கிறேன், 36 ஆனதும் வெக்கையை வெளியே இழுக்கும். பங்குனிக்குப் பிறகு பகலில் ஹீற்றரைவிடப் பங்காதான் கூட ஓடுகிறது. வாங்கியதும் ஐஸ்தண்ணிக்குள் சென்சரை விட்டு 0 காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

இதற்கு முதல் 12 வோல்ட் சின்னத் தெர்மோஸ்ராற் போர்ட் ஒன்று இருந்தது. மாரி மழைக்குப் பிறகு ஒரு இரவு அதன் ரிலே, அதாவது உள்ளே கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச், ஒட்டிக்கொண்டது, ஹீற்றர் விடியும்வரை எரிந்தது. தட்டின் மற்ற முனை திறந்திருந்ததால் குஞ்சுகள் ஒதுங்கித் தப்பின. எந்த ரிலேயும் ஒரு நாள் ஒட்டலாம். ஆகவே இரண்டாவது தெர்மோஸ்ராற் ஒன்றைத் தொடராகப் பூட்டி 3 பாகை கூட்டி வைத்திருக்கிறேன். முதலாவது ஒட்டினால் அது வெட்டும். தெர்மோஸ்ராற் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் போகாமல் வயர் ஓட்டைகளைச் சிலிக்கனால் அடையுங்கள். கூட்டின் நாலு காலும் தண்ணி ரின்னுக்குள் நிற்கட்டும்.

கரண்ட் விஷயம் தனிக்கதை. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் கரண்டே இல்லாத காலத்தில் அரிக்கன் லாம்போடு குஞ்சு காத்த அம்மாவே “எண்ணை இல்லாட்டி நான் என்னத்தைச் செய்யிறது பிள்ளை” என்றுவிட்டார். ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் சுடுதண்ணி நிரப்பிச் சாரத் துணியால் சுற்றிச் சூட்டுப் பக்கத்தில் வைத்தோம். சூட்டுப் பக்கத்தை அடைத்த பலகைக்கு வெளிப்பக்கம் ரெஜிபோம் (சூட்டை உள்ளே வைத்திருக்கிற வெள்ளை நுரைப் பலகை) ஒட்டியது அந்த நாட்களில்தான். உள்ளே ஒட்டினால் குஞ்சு கொத்தித் தின்னும், ஹீற்றருக்கும் கிட்ட வரக்கூடாது. அந்த வருடம் மார்கழியில் மன்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்குக் கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அந்த இரவுகளில் வலைப் பக்கத்துக்குச் சாக்குக் கட்டி, அந்த ரெஜிபோமின் தயவில் 100 வாட்ஸோடு சமாளித்தோம். சாக்கு மேல் ஓரத்தில் நாலு விரல் இடைவெளி விட்டுத்தான் கட்டினோம். முழுக்க மூடினால் எச்சத்தின் அமோனியா மூச்சை அடைக்கும்.

குறை என்றால் எச்சத் தட்டு. தகரத்தில் அடித்தோம், இரண்டாவது மாரிக்குள் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. காடை எச்சத்தில் ஈரமும் காரமும் கூட. இப்போது பிளாஸ்ரிக் தட்டுக்கு மாற்றி, கீழே உமி தூவி, ஒன்றுவிட்டொரு நாள் கொட்டுகிறோம், கத்தரிக்கும் மிளகாய்க்கும் போகிறது. புதிதாக அடிக்கிறவர்கள் முதலிலேயே பிளாஸ்ரிக் தட்டின் அளவை எடுத்துவிட்டு அதற்கேற்ற மாதிரிச் சட்டத்தை ஒட்டச் சொல்லுங்கள். கடையில் கிடைக்கிற தட்டு உங்கள் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி வராது.