ஆர்.வி. ஜெனரேட்டர் சர்வீஸ்: கடையிலா, நாமேவா?

அமெரிக்க மோட்டார்ஹோம்களில் (ஆர்.வி., அதாவது தங்கிச் சமைத்துத் தூங்க வசதியுள்ள வண்டிகளில்) அடிக்கடி கண்ணில் படுவது ஓனான் நிறுவனத்தின் 4000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டர். 150 மணி நேரம் ஓடியதும், அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும்.

கடையில் விட்டால் பில்லில் பெரும்பங்கு கூலிதான். மணிக்கு 150 டாலருக்கு மேல் கேட்பது அங்கே சகஜம். ஆயில், ஏர் ஃபில்டர் சேர்ந்தால் 200 டாலரைத் தாண்டிவிடும். வண்டியைக் கொண்டுபோய் விடுவது, திரும்ப எடுப்பது தனி அலைச்சல்.

நாமே செய்தால்? சுமார் ஒன்றரை லிட்டர் ஆயில், ஒரு ஏர் ஃபில்டர். 40 டாலருக்குள் முடியும். பரவலாக உள்ள பழைய மாடலில் ஆயில் ஃபில்டரே கிடையாது என்பதால் அந்தச் செலவும் மிச்சம். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, வடிகால் திருகைக் கழற்றினால் கறுப்பாக வழியும். முதல் தடவை பாதி ஆயில் சட்டைக் கையில்தான் போகும், சரி, பழகிவிடும். ஸ்பார்க் பிளக் மாற்றுவது 450 மணி நேரம் ஓடிய பிறகுதான்.

ஆனால் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) அடைத்துக்கொண்டால் நான் கடைக்குத்தான் போவேன். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் பெட்ரோல் பிசினாகி, சத்தம் ஏறி இறங்கும். அந்த பில் பல ஆயில் சர்வீஸுக்குச் சமம். மாதம் 2 மணி நேரம், ஏசியைப் போட்டுப் பாதி லோடில் ஓட்டினால் அந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம்; செலவு ஏறக்குறைய ஒரு கேலன் (3.8 லிட்டர்) பெட்ரோலோடு போகும். அப்புறம், வாரண்டி இருந்தால் ஆயில் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கையும் எழுதி வையுங்கள்.