மார்கழிக்கு ஏற்ற கல்சட்டி

மாக்கல்லில் குடைந்தது, இரண்டு லிட்டர் பிடிக்கும். போன மார்கழியில் மயிலாப்பூர் குளக்கரைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். ஆயிரத்துச் சொச்சம் ஆனது. வருஷம் முழுக்கப் புழங்கிவிட்டுச் சொல்கிறேன்: ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடும் வீட்டுக்கு இது அவசியம் வேண்டிய பாத்திரம்.

எங்கள் வீட்டில் மாமியார் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுவார். இவர் கிண்டியிலிருந்து மேற்கு மாம்பலம் வந்து சேர எட்டரை ஆகிவிடும். பனி இறங்கும் ராத்திரியில் எவர்சில்வர் பாத்திரத்துக் குழம்பு சீக்கிரமே ஆறிவிடும். திரும்பத் திரும்பச் சுடவைத்தால் கீரை மசியல் நிறம் மாறி ருசியும் கெடும். கல்சட்டியிலோ அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தளதளவென்று கொதிக்கிறது. எட்டரைக்கு மூடியைத் திறந்தாலும் சாதத்தில் பிசைய இதமான சூடு இருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மிளகு குழம்பு. மிளகு, உளுத்தம்பருப்பு, இரண்டு வற்றல் மிளகாய், பெருங்காயம் எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் வறுத்து, நிறையக் கறிவேப்பிலை சேர்த்துப் பிரட்டி அரைத்து, புளிக்கரைசலில் கலந்து சிறு தீயில் விட்டுவிடுவேன். பக்குவம் வருவதற்குச் சற்று முன்பே அணைத்துவிட வேண்டும், மீதியைக் கல்லே பார்த்துக்கொள்ளும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு நின்றால் இரும்பு வாடை ஏறும், நிறமும் கறுக்கும். இதில் மறுநாள் வரை வைத்தாலும் ருசி மாறுவதில்லை. சளி பிடித்த தொண்டைக்கு இந்தக் குழம்பும் சுட்ட அப்பளமும் போதும். திருவாதிரைக்குக் களியோடு வைக்கும் ஏழுகறிக் கூட்டும் இதில்தான். சேனை, பரங்கி, மொச்சை, சர்க்கரைவள்ளி எல்லாம் குழையாமல் ஒன்றோடொன்று ஊறி வருகின்றன.

பொறுமை கட்டாயம் வேண்டும். வாங்கியதும் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். "அவசரப்படாதேம்மா, சட்டி பழகணும்" என்று மாமியார்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஊறவிட்டோம். பிறகு தினமும் சூடான வடிகஞ்சியை ஊற்றி ஆறவிட்டோம். ஒரு வாரத்துக்கு மேல் இதே வேலை. சாம்பல் நிறம் கறுத்து வந்த பிறகே சமையல். எண்ணெய் பூசிக் கறுப்பாக விற்பதை வாங்காதீர்கள், கீறல் இருந்தாலும் தெரியாது. சாம்பல் நிறச் சட்டியைத் தட்டிப் பாருங்கள், தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்றும் பாருங்கள்.

கனம் அதிகம், மணிக்கட்டு வலி இருப்பவர்களுக்குச் சிரமம். இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

முடிந்தால் தயிருக்கென்று சின்னதாக இன்னொன்றும் வாங்குங்கள். பெருங்காய வாசனை ஏறிய குழம்புச் சட்டி அதற்கு ஆகாது. மார்கழியில் தயிர் உறையாமல் தண்ணியாக நிற்கும். சின்னக் கல்சட்டியில் முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான பாலில் உறை குத்தி மூடி வைத்தால் காலையில் கட்டித் தயிர் இருக்கும்.