போக்கர் சிப்ஸை விற்று ஜிபேயில் பணம் வாங்காதீர்கள்: என் இரண்டு கணக்கும் முடங்கிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் யோக்கியன் இல்லை. திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டலாம், ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள், ஏனென்றால் இதே வேலையை இப்போது எனக்குத் தெரிந்த ஏழெட்டுப் பேர் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள், அதில் ஒருவருக்கும் இது தப்பு என்றே தோன்றவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. இரவு பத்து மணிக்கு மேல் போனில் போக்கர், அதாவது காசு வைத்து ஆடும் சீட்டாட்டம். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் கிடையாது, மாதம் ஆறேழாயிரம் போடுவேன், பெரும்பாலும் போய்விடும். 2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் மட்டும் என்னவோ கை கூடிவந்து கடைசி டேபிள் வரை போனேன், மூன்றாமிடம். கணக்கில் 1,80,000 ரூபாய். அந்த நிதியாண்டில் அதுவரை நான் போட்டிருந்தது 40,000.

எடுக்கலாம் என்று போனால் வரி நிற்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து நிகர வெற்றியில் 30 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194பிஏ பிரிவு. போட்ட பணம் வரைக்கும் வரியில்லாமல் எடுக்கலாம், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு நூறிலும் முப்பதை சைட்டே பிடித்துவிடும். என் கணக்குக்கு 42,000 போகும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஜெயித்தவனுக்கு அது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரு டெலிகிராம் குரூப்பில் இருந்தேன், ஆட்டக்காரர்கள் தாங்கள் ஆடியதைப் பற்றிப் பேசிக்கொள்ளும் குரூப். அங்கே ஒருவன் தனியாக மெசேஜ் செய்தான். "ப்ரோ, சிப்ஸ் வேணும், 85 தர்றேன்." சிப்ஸ் என்றால் டேபிளில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள். அதாவது நான் 100 ரூபாய் சிப்ஸை டேபிளில் அவனிடம் தோற்க வேண்டும், அவன் 85 ரூபாயை ஜிபேயில் அனுப்புவான். வரி கட்டினால் எனக்குக் கிடைப்பது 70. அவன் ஏன் 15 ரூபாய் மிச்சம் பார்க்கிறான் என்றால், அவன் அந்த வருஷம் நிறையப் போட்டுத் தோற்றவனாம், அதனால் அவன் எடுக்கும்போது டிடிஎஸ் வராதாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு வழி நிஜமாகவே ஆட்டக்காரர்களிடையே ஓடிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். 60,000 சிப்ஸ் விற்றால் 51,000 வரும், நேர்வழியில் 42,000தான். ஒன்பதாயிரம் லாபம். அந்த ஒன்பதாயிரத்துக்குத்தான் இந்த முழுக் கதையும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஹெட்ஸ்-அப் டேபிளில் 20,000 வைத்து உட்கார்ந்தேன். நாலு கை சும்மா ஆடுவது, நடுவில் ஒன்றிரண்டு நான் ஜெயிப்பது, அப்புறம் பந்தயத்தைப் பெரிதாக ஏற்றிவிட்டு ரிவரில், அதாவது கடைசிப் பொதுச்சீட்டு விழுந்ததும், ஃபோல்டு: சீட்டை மடக்கித் தோற்பது. இயல்பாக இருக்கட்டும் என்று இத்தனை நாடகம். ஒரு கையில் எனக்கு ராஜா ஜோடி, பலமான சீட்டு, பதினெட்டாயிரத்தைப் பந்தயத்தில் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்ச இரண்டாயிரத்துக்கு பயந்து மடக்கினேன். எதிரே இருப்பவனுக்கு என் சீட்டு தெரியாது, ஆனால் சைட்டுக்கு இரண்டு பேர் சீட்டும் தெரியும் என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை பாருங்கள். இப்படி வேண்டுமென்றே தோற்றுச் சிப்ஸைக் கைமாற்றுவதற்குப் பெயர் சிப் டம்பிங். எந்த போக்கர் சைட்டின் விதிமுறையிலும் தடை செய்யப்பட்ட முதல் சில விஷயங்களில் இது இருக்கும், நாம்தான் கீழே வரை தள்ளி 'சம்மதம்' அமுக்கிவிட்டுப் போகிறோமே.

மூன்று தடவை தோற்றேன். ஒவ்வொரு தடவைக்கும் உடனே 17,000 வந்தது. மூன்றும் மூன்று பெயரிலிருந்து. ஒன்று ஒரு பெண்ணின் பெயர், ஒன்று ஏதோ டிரேடர்ஸ். "யாருப்பா இது?" என்று கேட்டேன், "பேமிலி அக்கவுண்ட் ப்ரோ" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். நான் செய்த தப்புகளில் வரி ஏய்ப்பை விடப் பெரியது இந்த 'சரி'தான்.

மூன்றாம் நாள் மீதி 1,20,000-ஐ நேர்வழியிலேயே எடுக்கப் போட்டேன். கணக்கு முடக்கம், 'பாதுகாப்புப் பிரிவின் ஆய்வில் உள்ளது' என்று ஒரு வரி. ஆதார், பான், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், ஆதாரைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி கேட்டார்கள், அனுப்பினேன். பத்து நாள் கழித்து அதே நான்கையும் மறுபடி கேட்டார்கள், மறுபடி அனுப்பினேன். போன் நம்பர் கிடையாது. சாட்டில் போனால் தானாகப் பதில் சொல்லும் ஒரு பாட், அதைத் தாண்டி மனிதன் வந்தால் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு மூடிவிடுவான். 60,000 விஷயத்தில் என்னைத் தண்டித்திருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். டோர்னமெண்டில் நாணயமாக ஜெயித்ததும் என் சொந்தக் காசும் சேர்ந்த 1,20,000-ஐப் பறிமுதல் என்றும் சொல்லாமல், தருகிறேன் என்றும் சொல்லாமல், 'ஆய்வு' என்ற ஒரே வார்த்தையில் வருஷக்கணக்கில் வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்? 2025 ஆகஸ்ட் 22-ல் ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்து, கம்பெனிகள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்தி, இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தபோது மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் கணக்கு அன்றைக்கும் ஆய்வில்தான் இருந்தது. இன்றைக்கும்.

ஆனால் இது சின்ன அடி. பெரிய அடி பதினோராவது நாள் அவிநாசி ரோடு பெட்ரோல் பங்கில் விழுந்தது. 300 ரூபாய்க்குப் போட்டுவிட்டு ஜிபே செய்தால் போகவில்லை, மறுபடி செய்தால் போகவில்லை. கார்டும் வேலை செய்யவில்லை. பேங்குக்குப் போனேன், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார்கள்: சைபர் கிரைம் கடிதம் வந்திருக்கிறது, கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகாது. சம்பளக் கணக்கு. உள்ளே 84,000. புகாரில் இருந்த தொகை 17,000 மட்டுமே, ஆனால் முடங்கியது முழுக் கணக்கும்.

நடந்தது இதுதான். வேறொரு மாநிலத்தில் ஒரு பெண்ணை 'பார்ட் டைம் வேலை, ரேட்டிங் போட்டால் காசு' என்று ஏமாற்றிப் பணம் பறித்திருக்கிறார்கள். அந்தம்மா சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்தார். பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அத்தனைக்கும் வரிசையாகக் கடிதம் போகும், முதல் கணக்கு, இரண்டாவது, மூன்றாவது என்று. மூன்றாவது நான். சிப்ஸ் வாங்கியவனுக்குப் போக்கரும் முக்கியமில்லை, டிடிஎஸ்ஸும் முக்கியமில்லை. திருட்டுப் பணத்தை என்னிடம் கொடுத்துச் சிப்ஸாக மாற்றி, அதை 'ஆட்டத்தில் ஜெயித்த பணம்' என்று வெள்ளையாக எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அழுக்குத் துணி அவனுடையது, துவைக்கிற கல் நான். டெலிகிராமில் தேடினால் ஆளே இல்லை, சாட்டையும் இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் போயிருந்தான். ஸ்க்ரீன்ஷாட் நான்கு எடுத்து வைத்திருந்தது என் பூர்வஜென்ம புண்ணியம்.

பைக் இஎம்ஐ பவுன்ஸ் ஆகி ஃபைனான்ஸ்காரன் வீட்டுக்கு போன் செய்ததில் வீட்டில் தெரிந்துவிட்டது. என் மனைவி கத்தவே இல்லை. "ஏனுங்க, இன்னும் என்னென்ன இருக்குது, ஒரேயடியா சொல்லிப்போடுங்க" என்றாள். அவள் ஏலச்சீட்டுப் பணத்தில்தான் அந்த இரண்டு மாதம் ஓடியது.

புகார் பதிவான அந்த வெளிமாநிலக் காவல் நிலையத்துக்கு ஈமெயில் அனுப்பிப் பதில் வரவில்லை, ரயில் ஏறி நேரிலேயே போனேன். அரைகுறை இந்தியில் நடந்ததைச் சொன்னேன். விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: முன்பின் தெரியாத மூன்று பேர் உனக்கு எதற்குப் பணம் அனுப்பினார்கள் என்று நீ ஏன் யோசிக்கவில்லை? 17,000-ஐத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்து எழுதிக் கொடுத்த பிறகு, கணக்கு திறக்க மொத்தம் மூன்றரை மாதம் ஆனது. மீதி இரண்டு 17,000-க்கு யாரும் இன்னும் புகார் கொடுக்கவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

யாருக்காவது இந்த நிலைமை வந்திருந்தால்: பேங்கில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்குங்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைத் திறக்கும்படி பேங்குக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுங்கள், என் நண்பர் ஒருவருக்கு அது நடந்தது, எனக்கு நடக்கவில்லை. வழி அடைத்துவிட்டால் வக்கீலைப் பிடித்து நீதிமன்றம் போகலாம். இன்ஸ்டாகிராமில் 'கணக்கு முடக்கம் நீக்கித் தருகிறோம், பத்தாயிரம்' என்று வருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள், எனக்கு அப்படி இரண்டு பேர் வலைவிரித்தார்கள்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், சைட்டுகள் மூடிய பிறகு பழைய ஆட்கள் எல்லாரும் கிளப் ஆப்களுக்கு, அதாவது ஏஜெண்ட் மூலம் சேர்ந்து ஆடும் தனிக்குழு ஆப்களுக்கு, போய்விட்டார்கள். ஆப்பில் சிப்ஸுக்கு மதிப்பே கிடையாது, பணம் முழுக்க ஏஜெண்ட் கையில். அவன் தினம் ஒரு யுபிஐ ஐடி தருவான், அதில் போட வேண்டும். ஜெயித்தால் யாரோ ஒருவர் பெயரிலிருந்து நமக்கு வரும். நான் மூன்று தடவை செய்ததை இவர்கள் ஒவ்வொரு நாளும் செய்கிறார்கள். "புதுச் சட்டத்தில் ஆடுறவனுக்குத் தண்டனை இல்லை" என்கிறார்கள். இல்லைதான், நடத்துபவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர்களுக்கும்தான் தண்டனை. ஆனால் என் கணக்கை முடக்கியது எந்த விளையாட்டுச் சட்டமும் இல்லை, எங்கோ ஓர் அம்மாவின் மோசடிப் புகார்.

போன வாரம் புது நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். "சிப்ஸ் இருக்கா ப்ரோ? 92 தர்றேன்." ரேட் ஏறியிருக்கிறது.