மீட்டர் காட்டிய 1.2: ரிப்பீட்டர் அமைக்க முனைவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஹாம் வானொலி ஆர்வலர்கள் ஆறு பேர் சேர்ந்து 2 மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசை) ஒரு ரிப்பீட்டர், அதாவது ஓர் அலைவரிசையில் வரும் நலிந்த சிக்னலை அதே நேரத்தில் இன்னொன்றில் வலுவாகத் திருப்பி அனுப்பும் நிலையம், வைக்கத் தீர்மானித்து, கருவி, டூப்ளெக்ஸர், கேபிள், ஆன்டெனா, நிறுவும் வேலை என எல்லாவற்றையும் ஒரே விற்பனையாளரிடம் ஒப்படைத்தோம். அதன் பிறகு ஐந்து மாதங்கள் நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். விற்றவரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்த முறையில் விற்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

நாங்கள் கேட்டது எளிய அமைப்புதான். 40 வாட் ரிப்பீட்டர், அனுப்பும் அலைவரிசைக்கும் பெறும் அலைவரிசைக்கும் உள்ள 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் சரிசெய்யப்பட்ட டூப்ளெக்ஸர் (ஒரே ஆன்டெனாவில் அனுப்பலையும் பெறலையும் பிரித்துவைக்கும் வடிகட்டி), கருவி அறையிலிருந்து கம்பத்தின் உச்சி வரை 40 மீட்டர் கேபிள், ஃபைபர்கிளாஸ் குழாயில் உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடைத்த ஒரு கொலினியர் ஆன்டெனா. கேபிள், இழப்பு குறைந்த எல்எம்ஆர்-400 ரகத்துக்கு நிகரானது என்றும், ஆன்டெனாவின் கெயின் (அலையைக் குவித்து அனுப்பும் திறன்) 9 டெசிபெல் (ஆற்றல் விகிதத்தின் அலகு; 3 டெசிபெல் இழந்தால் ஆற்றல் பாதியாகும்) என்றும் அவர் எழுதியே கொடுத்தார். நிறுவி முடித்த அன்று, ரிப்பீட்டருக்கும் கேபிளுக்கும் இடையில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) இணைத்து டிரான்ஸ்மிட் செய்து காட்டினார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை, 1.2 என்று நின்றது. “இதைவிட நல்ல ரீடிங் எங்கேயும் வராது, சார்” என்றார். எங்களில் ஒருவர் அந்த மீட்டரைப் படம் எடுத்தார். வேலை திருப்தியாக முடிந்தது என்று எழுதியிருந்த தாளில், அதற்கான சான்றாக அந்த 1.2 மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தது, நான் கையெழுத்திட்டேன்.

முதல் வாரத்திலேயே இரண்டு கோளாறுகள் தெரிந்தன. பார்வைக்குத் தடையே இல்லாத திசையில் 8 கிலோமீட்டர் தொலைவில் இருந்த நண்பருக்கு ரிப்பீட்டரின் குரல் இரைச்சலுக்குள் அமிழ்ந்து கேட்டது. இரண்டாவது கோளாறு இன்னும் விசித்திரமானது. நலிந்த சிக்னலோடு ஒருவர் பேசத் தொடங்கினால் ரிசீவர் அதைப் பிடித்து டிரான்ஸ்மிட்டரை எழுப்பும். டிரான்ஸ்மிட்டர் எழுந்த கணமே அந்தச் சிக்னல் காணாமல் போகும். சிக்னல் போனதால் டிரான்ஸ்மிட்டர் அடங்கும். அடங்கியதும் சிக்னல் மீண்டும் கேட்கும், மீண்டும் டிரான்ஸ்மிட்டர் எழும். பேசுபவரின் குரலுக்குப் பதிலாகப் பழைய படகு எஞ்சினைப் போலத் ‘தட் தட்’ என்ற ஓசைதான் எல்லோருக்கும் கேட்டது. ரிப்பீட்டரைப் பராமரித்த அனுபவம் உள்ள எவரும், தன் டிரான்ஸ்மிட்டரே தன் ரிசீவரின் காதை அடைக்கிறது என்று இதைக் கேட்டவுடன் சொல்லிவிடுவார். எங்களுக்கு அப்போது அந்த அனுபவம் இல்லை.

விற்பனையாளரை அழைத்தோம். முதல் முறை வானிலையைக் காரணம் காட்டினார். இரண்டாம் முறை எங்களுடைய கைக்கருவிகள் மட்டமானவை என்றார். மூன்றாம் முறை, பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் ரிசீவருக்கு முன்னால் போட, வரும் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் ஒன்றும் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று புதிய விலைப்பட்டியலே அனுப்பிவிட்டார். தன் டிரான்ஸ்மிட்டரால் திணறிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு ப்ரீஆம்ப் போடுவது, இரைச்சலால் காது வலிப்பவருக்கு ஒலிபெருக்கியை மாட்டிவிடுவதற்குச் சமம் என்பது இப்போது புரிகிறது. எதைச் சொன்னாலும் அவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: “எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 இருக்கும்போது ஆன்டெனாவிலும் கேபிளிலும் எப்படிக் கோளாறு இருக்கும்?” எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

பதில் கிடைத்தது தற்செயலாகத்தான். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒருவர் கம்பத்தின் மேல் ஏறி, ஆன்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றினார். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்புக்குப் பதில் சாதாரண மின் டேப்பைச் சுற்றியிருந்தார்கள், ஈரம் இருக்கத்தான் செய்தது. ஏறுவதற்கு முன்பே ரிப்பீட்டரைப் பிரித்து, கேபிளின் கீழ்முனையில் நானோ வி.என்.ஏ. என்னும் சிறிய அளவுக் கருவியை மாட்டியிருந்தேன். திரையில் 1.4க்குச் சற்றுக் கீழே காட்டியது. “இன்னும் கழற்றவில்லையா?” என்று கத்தினேன். “கழற்றிக் கையில் வைத்திருக்கிறேன்” என்று மேலிருந்து குரல் வந்தது. கருவியை மீண்டும் காலிபரேட் செய்து பார்த்தேன். அதே எண். மேலே ஆன்டெனா என்ற ஒன்றே இல்லை. கீழே மீட்டர், அருமையான ஆன்டெனா ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

திறந்த முனையை அடையும் அலை முழுவதும் திரும்பி வர வேண்டும். திரும்பி வராமல் போனால், அது வழியிலேயே கேபிளுக்குள் வெப்பமாகக் கரைந்திருக்கிறது என்றுதான் பொருள். 1.38 என்ற எஸ்.டபிள்யூ.ஆர். ஏறத்தாழ 16 டெசிபெல் ரிட்டர்ன் லாஸுக்கு (போன அலையைவிடத் திரும்பி வந்த அலை எவ்வளவு குறைவு என்ற அளவு) சமம். அலை போகவும் வரவும் சேர்ந்து இழந்தது அது. ஒரு வழிக்கு 8 டெசிபெல். உண்மையான எல்எம்ஆர்-400, 150 மெகாஹெர்ட்ஸ் அளவில் 100 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபெல்தான் இழக்கும். 40 மீட்டருக்கு 2 டெசிபெல். அந்தக் கேபிளாக இருந்திருந்தால், முனை திறந்திருந்தபோது மீட்டர் 4க்கு மேல் காட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு வந்திருந்தது, மெல்லிய ஆர்ஜி-58 கேபிளின் தரத்தில் இருந்த ஒரு தடித்த கேபிள்.

அந்தப் பழைய 1.2 எங்கிருந்து வந்தது என்பதும் அன்றே விளங்கிவிட்டது. நானோ வி.என்.ஏ.வை மேலே கொண்டுபோய் ஆன்டெனாவின் அடியிலேயே நேரடியாக அளந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்று வந்தது. அதாவது ஆன்டெனாவும் மோசம். அந்த மோசத்தின் சாட்சியாகத் திரும்பி வந்த அலையைக் கேபிள் வழியிலேயே விழுங்கிவிட்டதால் கீழே 1.2 என்று தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: டிரான்ஸ்மிட்டரிலிருந்து 40 வாட், டூப்ளெக்ஸர் நல்லதே என்று வைத்து 1.5 டெசிபெல் கழித்தால் 28 வாட்; கேபிளைக் கடந்தால் நாலரை வாட்; ஆன்டெனா திருப்பி அனுப்பும் கால் பங்கு போக மூன்றரை வாட்டுக்கும் குறைவு. அவ்வளவு உயரத்தில் அவ்வளவு செலவில் நாங்கள் வைத்திருந்தது, இடுப்பில் செருகிக்கொள்ளும் 5 வாட் கைக்கருவியைவிடக் குறைந்த ஆற்றல். ரிசீவருக்கும் அதே 8 டெசிபெல் இழப்பு உண்டு என்பதால் ஏமாற்றம் இரு திசையிலும் நடந்திருக்கிறது.

கேபிளில் ஒரு சாண் வெட்டி உரித்துப் பார்த்தோம். வெளிவிட்டம் 10 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கையில் பிடித்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பருமனில் பாதி வெறும் கறுப்பு உறை. உள்ளே அலுமினிய ஃபாயில் இல்லை. பின்னல் கம்பிகள் இவ்வளவுதானா என்று எண்ணிவிடலாம் போல விட்டு விட்டு ஓடின. அவற்றின் இடைவெளியில் வெள்ளை பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தது. நடுக்கம்பி 1 மில்லிமீட்டரைத் தொடவில்லை. எல்எம்ஆர்-400 கேபிளில் அது 2.74 மில்லிமீட்டர் இருக்கும். காந்தத்தை வைத்தால் நடுக்கம்பி ஒட்டியது. ஆனால் காந்தம் ஒட்டுவதையோ, சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவதையோ மட்டும் வைத்து ஒரு கேபிளைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. 145 மெகாஹெர்ட்ஸ் அலையில் மின்னோட்டம் செம்பின் மேற்புறத்தில் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடுகிறது. அசல் எல்எம்ஆர்-400 கேபிளின் நடுக்கம்பியே செம்பு பூசிய அலுமினியம்தான். கேட்க வேண்டியது விட்டத்தையும், பின்னலின் அடர்த்தியையும், எல்லாவற்றுக்கும் மேலாக அளந்த இழப்பையும்தான்.

ஆன்டெனாவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 9 டெசிபெல் என்று எழுதியவர், எதனோடு ஒப்பிட்டு 9 என்று எழுதவில்லை. டைபோல் என்னும் எளிய ஆன்டெனாவோடு ஒப்பிடுவதற்கும் எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிடுவதற்கும் இடையே 2.15 டெசிபெல் வேறுபாடு உண்டு. ஆனால் எங்கள் ஆன்டெனாவுக்கு அந்த விவாதமே தேவைப்படவில்லை. அதன் நீளம் ஒன்றரை மீட்டர். இந்த அலையில் ஓர் அரை அலை டைபோலே ஒரு மீட்டர் நீளம். நான்கு டைபோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி டைபோலைவிட 6 டெசிபெல் கூடுதலாகப் பெறுவதற்கே கம்பத்தில் 6 மீட்டர் உயரம் வேண்டும். வாங்கும் முன் ஓர் அளவுநாடாவை எடுத்திருந்தால் போதும், நாங்கள் எடுக்கவில்லை.

டூப்ளெக்ஸர் கதை தனி. கேபிளும் ஆன்டெனாவும் சந்தேகத்துக்கு உரியவை என்பதால் இரண்டையும் விலக்கிவிட்டு, ஆன்டெனா முனையில் ஒரு டம்மி லோடை (அலையை வெளியே விடாமல் வெப்பமாக விழுங்கும் போலி ஆன்டெனா) மாட்டி, அளவான ஒரு நலிந்த சிக்னலை உள்ளே செலுத்திப் பார்த்தோம். டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போது சுத்தமாகக் கேட்ட சிக்னல், அதை இயக்கியதும் மறைந்தது. மீண்டும் கேட்கவைக்கச் சிக்னலை 20 டெசிபெலுக்கும் மேல் கூட்ட வேண்டியிருந்தது. குற்றவாளி கம்பத்தில் மட்டும் இல்லை, அறைக்குள்ளும் இருந்தார். 145 மெகாஹெர்ட்ஸில் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்பது அரை விழுக்காடுகூட இல்லை. அதற்குள் 80 முதல் 90 டெசிபெல் வரை பிரித்துக் காட்டப் பெரிய உருளை கேவிட்டிகள் (உள்ளீடற்ற உலோக வடிகட்டிகள்) தேவை. அவை அலமாரி அளவுக்கு இடம் பிடிக்கும். எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு தட்டையான பெட்டி. பல மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்காக வடிவமைத்த பொருளின் மேல் ‘600’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். போதாக்குறைக்கு, ரிப்பீட்டருக்கும் டூப்ளெக்ஸருக்கும் இடையில் போட்டிருந்த குட்டைக் கேபிள்கள் ஒற்றைப் பின்னல் ஆர்ஜி-58. அந்த இடத்தில் இரட்டைப் பின்னலும் வெள்ளிப் பூச்சும் கொண்ட ஆர்ஜி-214 அல்லது ஆர்ஜி-400 இல்லையென்றால், எவ்வளவு நல்ல டூப்ளெக்ஸரையும் சுற்றிக்கொண்டு அலை கசிந்துவிடும்.

இத்தனை அளவுகளையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு விற்பனையாளரைப் பார்த்தோம். அவர் படித்துப் பார்க்கவில்லை. நான் கையெழுத்திட்ட தாளை எடுத்து மேசையில் வைத்து, “1.2ஐ நீங்களே பார்த்துத்தானே போட்டீர்கள்?” என்றார். கேபிளை வெட்டியதால் திரும்ப எடுக்க முடியாது என்றார். பலமுறை நடந்த பிறகு டூப்ளெக்ஸருக்கு மட்டும் பாதித் தொகை திரும்பி வந்தது. அவருக்குத் தொழில் தெரியாமல் இப்படி ஆகியிருக்கலாம் என்று எங்களில் இருவர் இன்னும் சொல்கிறார்கள். தெரியாதவர் அந்த ஸ்டிக்கரை ஒட்டியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

ஆகவே, யாரிடம் வாங்கினாலும் கீழ்முனை எஸ்.டபிள்யூ.ஆரை மட்டும் பார்த்துப் பணத்தை முடித்துவிடாதீர்கள். கேபிள் சுருளாக இருக்கும்போதே மறுமுனையைத் திறந்துவைத்து, நீங்கள் பயன்படுத்தப் போகும் அலைவரிசையில் ரிட்டர்ன் லாஸை அளந்து பாதியாக்குங்கள். அதை அந்தக் கேபிளின் அட்டவணையோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அளவுக் கருவி இல்லையென்றால் மறுமுனையில் பவர் மீட்டரும் டம்மி லோடும் மாட்டி, 10 வாட் செலுத்தி எத்தனை வாட் வந்து சேர்கிறது என்று பாருங்கள். ஆன்டெனாவை அதன் அடியிலேயே அளக்கச் சொல்லுங்கள். டூப்ளெக்ஸரை நானோ வி.என்.ஏ. கொண்டு மேலோட்டமாகத்தான் பார்க்க முடியும். அதன் அளவிடும் வரம்பு 70 டெசிபெல் அளவிலேயே முடிந்துவிடுவதால், 85 இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்குப் பதிலாக, டிரான்ஸ்மிட்டர் இயங்கும்போதும் அணைந்திருக்கும்போதும் ரிசீவரின் உணர்திறனில் எவ்வளவு வேறுபாடு என்ற எண்ணை ஒப்புதல் தாளில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று: அசல் எல்எம்ஆர்-400 கிடைத்தாலும் அதை ரிப்பீட்டருக்குப் போடாதீர்கள். அலுமினிய ஃபாயிலும் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலும் உரசும் இடத்தில், ஒரே கேபிளில் அனுப்பலும் பெறலும் சேர்ந்து நடக்கும்போது நாளடைவில் கரகரப்பு தோன்றுகிறது. நாங்கள் முதலில் கேட்ட பொருளே தவறு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது மேலே போவது அரை அங்குல நெளிவுச் செம்புக் குழாய்க் கேபிள். 40 மீட்டருக்கும் சேர்த்து இழப்பு ஒரு டெசிபெலைச் சற்றுத் தாண்டும். டூப்ளெக்ஸரை அனுபவமுள்ள வேறொருவர் உரிய கருவிகளோடு சரிசெய்து கொடுத்தார். 8 கிலோமீட்டர் நண்பர் வீட்டுக்குள் இருந்தபடியே பேசுகிறார். கீழே மீட்டர் 1.4 காட்டுகிறது. முன்பு 1.2 இருந்ததே என்று எங்கள் குழுவில் ஒருவருக்கு இன்னும் குறை.

பழைய கேபிளின் மீதிச் சுருள் என் வேலைமேசைக்குக் கீழே கிடக்கிறது. 435 மெகாஹெர்ட்ஸில் அதன் இழப்பு இன்னும் அதிகம் என்பதால், மறுமுனையில் எதையும் மாட்டாமலேயே எஸ்.டபிள்யூ.ஆர். 1.1க்குக் கீழே நிற்கிறது. கைக்கருவிகளைச் சோதிக்கும்போது டம்மி லோடாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். அந்த வேலையை மட்டும் அது குறையில்லாமல் செய்கிறது.