தீபாவளிக்குக் கோலப் பலகை: ரெடிமேட் கிட் வேண்டாம், ப்ளைவுட் வாங்குங்கள்

தீபாவளிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கையால் ஏதாவது செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இணையத்தில் பெட்டியாக விற்கும் ரங்கோலி கிட் வேண்டாம். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ஒரு துண்டு ப்ளைவுட், ஒரு சின்ன டின் சுவர் பெயிண்ட், நல்ல பெயிண்ட் மார்க்கர் இரண்டு வாங்கினால் வருடா வருடம் வாசலில் வைக்கிற மாதிரி கோலப் பலகை ஒன்றைச் செய்துவிடலாம். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது. கிட் என் மகளுக்குப் பரிசாக வந்தது, பலகை நாங்களே செய்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எதற்குப் பலகை, தரையிலேயே போடக்கூடாதா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாசல் என்பது தாழ்வாரம்தான். தரையில் மாவால் போட்டால் எதிர்வீட்டுப் பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதே பாதி அழிந்துவிடும், மழை சாய்வாக அடித்தால் மீதியும் போய்விடும், காலையில் கூட்ட வருகிற துப்புரவுப் பணியாளருக்கும் சங்கடம். அதோடு தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் அடைப்பில்லாமல் இருக்கவேண்டும் என்று குடிமைத் தற்காப்புப் படையின் விதி இருக்கிறது. பலகை என்றால் கதவை ஒட்டி வைக்கலாம், ஒடுங்கிய தாழ்வாரமாக இருந்தால் கிரில் கதவுக்கு உள்பக்கம் வைக்கலாம், ராத்திரி தூக்கி உள்ளே வைத்துவிடலாம். 60 செ.மீ.க்கு 60 செ.மீ. தாராளமாகப் போதும்.

இப்போது அந்தக் கிட். பெட்டி பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே மயில் அச்சடித்த ஓர் அட்டை, சின்னச் சின்னப் பாக்கெட்டில் கலர் பொடி, ஒரு ட்யூப் பசை. அட்டை முழுக்கக் கட்டம் கட்டமாக எண் போட்டிருக்கிறார்கள், 1 என்றால் மஞ்சள், 2 என்றால் பச்சை. பசையைத் தடவு, பொடியைத் தூவு, தட்டு, அவ்வளவுதான் வேலை. அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் காலை பார்த்தால் அட்டையின் நான்கு மூலையும் மேலே சுருண்டு நிற்கிறது. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிய மெல்லிய அட்டை வேறு எப்படி இருக்கும்? தூக்கி வைக்கும்போதெல்லாம் பொடி உதிர்கிறது, வரவேற்பறைத் தரையெல்லாம் பச்சை. இதெல்லாம்கூட பரவாயில்லை என்று விட்டுவிடலாம். எனக்குப் பெரிய குறை என்னவென்றால் அதில் புள்ளியே இல்லை. பிள்ளை யோசிக்க ஒன்றுமில்லை, வீட்டில் கோலம் தெரிந்த பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கவும் ஒன்றுமில்லை. என் அத்தை, அதாவது மாமியார், அறுபது வருடமாகக் கோலம் போடுகிறவர், பக்கத்தில் உட்கார்ந்து பொடிப் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி உட்கார வைக்கிற பொருளுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

பலகைக்கு வருவோம். ப்ளைவுட்டைப் பெரிய கடையில் தேட வேண்டியதில்லை. புளோக்குகளுக்குக் கீழே காப்பிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை இருக்கும், வாளி, துடைப்பம், குழாய் எல்லாம் வெளியில் தொங்கவிட்டிருப்பார்கள், அங்கே போங்கள். எங்கள் பேட்டையில் அப்படி ஒரு கடை, ஓர் அங்கிளும் அவர் மகனும் நடத்துகிறார்கள். கடைக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன். நான் 6 மி.மீ. கேட்டேன். எதற்கு, உள்ளே வைக்கவா வெளியே வைக்கவா என்று விசாரித்துவிட்டு 9 மி.மீ. எடுத்துக்கொடுத்தார், 6 மி.மீ. வெளியில் வைத்தால் வளையும் என்றார். எம்டிஎஃப் பலகை (மர நாரை அழுத்திச் செய்வது) வழவழவென்று இருக்கிறதே என்று என் மகள் அதைத் தொட்டுப் பார்த்தபோது, விளிம்பில் தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பிவிடும் என்று ஒரு பழைய துண்டை எடுத்துவந்து அவளிடமே காட்டினார். அளவுக்கு அறுத்துக் கொடுத்தார், அறுப்பதற்குத் தனியாகச் சில்லறைக் காசுதான். அடியில் ஒட்ட நாலு ரப்பர் கால் வாங்கிக்கொள், தரை ஈரம் பலகையில் ஏறாது என்று சொன்னதும் அவர்தான். அரை நட்சத்திரம் குறைத்தது எதற்கு என்றால், எந்தப் பொருளிலும் விலை ஒட்டியிருக்காது, ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும், கூட்ட நேரத்தில் அது கொஞ்சம் கஷ்டம்.

கடையிலேயே அறுத்து வாங்குவதில் இன்னொரு நன்மை உண்டு. வீவக வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் புதுப்பிப்பு வேலை செய்யக்கூடாது. நமக்கோ பிள்ளைகளோடு நேரம் கிடைப்பதே அன்றைக்குத்தான். அறுக்கிற சத்தம் கடையோடு முடிந்துவிட்டால் வீட்டில் மிச்சமிருப்பது உப்புத்தாள் தேய்க்கிறது, பெயிண்ட் அடிக்கிறது, கோலம் போடுகிறது. எதிலும் சத்தம் கிடையாது.

உப்புத்தாளில் சொரசொரப்பான 120 ஒன்று, நைஸான 240 ஒன்று வாங்குங்கள். முதலில் 120, அப்புறம் 240. ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்தால் தொடக்கநிலை இரண்டு படிக்கிற பிள்ளைகூட நன்றாகத் தேய்க்கும். மரத்தின் ரேகை போகிற திசையிலேயே தேய்க்கச் சொல்லுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, அதன்பின் பெயிண்ட்.

பெயிண்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். செம்மண் தரையில் வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி வரவேண்டும் என்பது எங்கள் ஆசை. அந்த நிறத்துக்கு ரெட் ஆக்சைடு என்று ஒரு டின் எல்லாக் கடையிலும் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் பொதுவாக அது இரும்புக்கு அடிக்கிற எண்ணெய்ப் பெயிண்ட், வாடை கடுமையாக இருக்கும், பிரஷைக் கழுவ தின்னர் வேண்டும், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம். நாங்கள் நிப்பான் பெயிண்டின் ஓடர்லெஸ் ஆல்-இன்-1 ஒரு லிட்டர் வாங்கினோம். சுவர் பெயிண்ட்தான், ஆனால் தேய்த்து ப்ரைமர் அடித்த ப்ளைவுட்டில் நன்றாகவே உட்கார்ந்தது. கலர் அட்டையைப் பார்த்து நாம் சொல்கிற நிறத்தைக் கடையிலேயே மெஷினில் கலந்து தருகிறார்கள். என் மகள் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஓட்டுச் சிவப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள், எனக்கு இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் போல இருந்தது, ஆனால் வெள்ளைக் கோடு ஏறியதும் அவள் எடுத்ததுதான் சரி என்று தெரிந்தது. வாடை கிட்டத்தட்ட இல்லை. பிரஷைத் தண்ணீரில் கழுவினால் போதும். ஒரு லிட்டரில் பாதிக்கு மேல் மிச்சம், அதைக் காலணி அலமாரிக்கு அடித்துவிட்டோம்.

கண்டிப்பாகச் செய்யவேண்டியது ஒன்று: பலகையின் இரண்டு பக்கமும் அடியுங்கள். அடிப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தை இழுத்துப் பலகை வளையும். நாலு விளிம்புக்கும் கூடுதலாக ஒரு பூச்சு. மழைக்காலத்தில் காய நேரம் எடுக்கும், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ராத்திரி முழுக்க விட்டுவிடுவது நல்லது.

அடுத்து கோடு போட. தூரிகையால் கோலக் கோடு போடுவது பெரியவர்களுக்கே கைவராது, பிள்ளைகளுக்குப் பெயிண்ட் மார்க்கர்தான் சரி. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் இருக்கிற ஆர்ட் ஃபிரெண்ட் கடையில் போஸ்கா மார்க்கர் வாங்கினோம். புத்தகக் கடைகளுக்காக அந்தக் கட்டடத்துக்குப் போகிறவர்கள் அப்படியே ஏறிப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மணி நேரம் போவதே தெரியாது. போஸ்காவில் பல அளவு உண்டு. எல்லோரும் எடுக்கிற பிசி-5எம் 2 மி.மீ. சொச்சம்தான் வரும், பலகையை நின்றுகொண்டு பார்க்கும்போது நூல் மாதிரி தெரியும். பிசி-7எம் எடுங்கள், அதன் முனை 4.5 முதல் 5.5 மி.மீ. வரை போகும், விரலால் இழுத்த மாவுக்கோட்டுக்கு இதுதான் பக்கத்தில் வருகிறது. வெள்ளை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பாதிக் கோலத்தில் தீர்ந்துவிட்டால் அதே கடைக்கு மறுபடி ஓடவேண்டும். பிடிக்காதது விலைதான், கொஞ்சம் அதிகம். ஆனால் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போகிறது, வாடை இல்லை, கோடு ஒரே சீராக வருகிறது.

இனி அத்தையின் வேலை. 7 புள்ளி, இடுக்குப் புள்ளி, 4 வரை; அதாவது நடு வரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் இரண்டு புள்ளிக்கு இடையில் ஒன்றாக வைத்து 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டே போவது. மொத்தம் 37 புள்ளி வரும். புள்ளிக்குப் புள்ளி 7 செ.மீ., வரிசைக்கு வரிசை 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 60 செ.மீ. பலகையில் நடுவில் அழகாக உட்கார்ந்து, சுற்றிலும் கரை போட இடமும் இருக்கும். புள்ளிகளை வெள்ளைக் கலர் பென்சிலால் வையுங்கள், சாக்கட்டி வேண்டாம், அதன் தூள் மார்க்கர் முனையை அடைத்துவிடும். மகள் ஸ்கேலை வைத்து அளந்து அளந்து புள்ளி வைத்தாள், அத்தை கண்ணாலேயே பார்த்து அந்தப் புள்ளி ஒரு நூல் இடது பக்கம் போயிருக்கிறது என்றார், அளந்து பார்த்தால் போயிருந்தது. சிக்குக் கோலத்தை முதலில் பழைய செய்தித்தாளில் பழகவிட்டார். "கையை எடுக்காதேம்மா, புள்ளியைப் பார்க்காதே, கோடு போற வழியைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு வளைவு திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவளே போட்டாள். புள்ளியைச் சுற்றிப் போய், அடுத்த வரிசைக்கு இறங்கி, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர்ந்தபோது, "பாட்டி, வந்துருச்சு!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு என் கணவர் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். எண் போட்ட அட்டையில் இது கிடைக்காது.

சின்னவனுக்குக் கரை. ஐஸ்கிரீம் குச்சிக்குக் கலர் அடித்து நாலு பக்கமும் ஒட்டினான். குச்சி வைத்தெல்லாம் கோலமா என்று நினைக்க வேண்டாம், 2023 பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் சுதா ரவி என்பவர் தம் மகளோடு சேர்ந்து 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளால் 6 மீட்டருக்கு 6 மீட்டர் ரங்கோலி ஒன்றைச் செய்து வைத்தார், திருவள்ளுவர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் எல்லாம் அதில் இருந்தார்கள். நமக்கு ஒரு பாக்கெட் குச்சி போதும், டைசோவிலேயே கிடைக்கிறது. ஒட்ட வெள்ளைப் பசை, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து ராத்திரி விட்டுவிடுங்கள்.

கடைசி வேலை மேல்பூச்சு. நேராக பிரஷை எடுத்துத் தண்ணீர் வார்னிஷ் பூசினால் மார்க்கர் கோடு இழுபட வாய்ப்பு உண்டு. முதலில் கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே, ஓர் அடி தள்ளி நின்று லேசாக, காய்ந்தபின் இன்னொரு முறை. இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஜன்னல் எல்லாம் திறந்துவைத்து, பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியாமல். பலகையில் கலர் பொடி ஒட்டியிருந்தாலும் இதே முறைதான். பொடி வேண்டுமானால் கேம்பல் லேன் பக்கம் தீபாவளிச் சந்தை போடும்போது வாங்கலாம், சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கிடைக்கும், கிட்டில் வருகிற பாக்கெட்டை விட அளவும் அதிகம், நிறமும் பளிச்சென்று இருக்கும். வாசல் தோரணத்துக்கு ஆணி அடிக்காமல் கமாண்ட் கொக்கி ஒட்டிவிடலாம். பிளக்கில் செருகுகிற சீரியல் லைட் வாங்குகிறவர்கள் சேஃப்டி மார்க் என்கிற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐம்பது வெள்ளியை ஒட்டி ஆனது. நேரம்தான் முக்கியம், தீபாவளி பெரும்பாலும் பள்ளித் தேர்வுச் சமயத்தில் வந்து நிற்கும், கடைசி வாரத்தில் தொடங்கினால் பெயிண்ட் காயாது, பிள்ளைகளும் புத்தகத்தை வைத்துவிட்டு வர முடியாது. செப்டம்பர் ஒரு வார விடுமுறையில் பலகையை வாங்கி, தேய்த்து, பெயிண்ட் வரை முடித்துவிடுங்கள், கோலத்தை அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம். பண்டிகை முடிந்ததும் துணி சுற்றி நிறுத்திவைத்தால் போதும், சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். அடிப்பக்கமும் பெயிண்ட் அடித்துத் தயாராக இருப்பதால் பொங்கலுக்கு அதில் கரும்பும் பானையும் போடலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார், ரப்பர் காலை மட்டும் கழற்றி மறுபக்கம் ஒட்டவேண்டும்.