சொத்து வரி இணையச் சேவை: கட்டுவது எளிது, திருத்துவதுதான் பாடு

சென்னை நீங்கலாகத் தமிழகத்தின் மாநகராட்சிகள், நகராட்சிகளுக்குச் சொத்து வரி, காலியிட வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கட்டுவதற்கென்று இருப்பது ‘டிஎன் அர்பன் இபே’ தளம். பணம் கட்டும் வேலைக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை தரலாம். பெயர் மாற்றம், அளவுத் திருத்தம், புதிய வரி விதிப்பு என்று போய்விட்டால் ஐந்துக்கு இரண்டுதான். சிறிய ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வீடு வாங்குவது, அப்பாவின் வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றுவது, மாடி எடுப்பது என்று எதைத் தொட்டாலும் கடைசியில் வரிப் பிரிவின் மேசைக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

முதலில் நன்றாக நடக்கும் வேலை. மாவட்டம், ஊர், வரி விதிப்பு எண் மூன்றும் தெரிந்தால் கணக்குத் தொடங்காமலே கட்டிவிடலாம். ரசீது உடனே கிடைக்கிறது. பழைய ரசீதில் இருக்கும் எண்ணும் இப்போதைய எண்ணும் வேறாக இருக்கலாம். பழைய எண்ணை அடித்து விவரம் வரவில்லை என்றால் வரியே போடவில்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் வார்டு பில் கலெக்டரிடம் புதிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கட்டுமுன் திரையில் வரும் பெயர், கதவு எண், தெரு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் பணம் அடுத்தவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை உங்கள் கணக்குக்குத் திருப்ப எழுத்து மூலம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

வரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள் அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதற்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டு வரி 2,400 ரூபாய் என்றால் 120 ரூபாய் மிச்சம். நிலுவையில் விட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி, அதே வீட்டுக்கு மாதம் 24 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் நாலைந்து வருடம் கட்டாமல் விட்ட வீட்டை விற்கப் போகும்போது வட்டியும் முதலுமாக ஒரே நாளில் கட்ட வேண்டி வரும்.

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். வங்கியில் பணம் கழிந்து ரசீது வராமல் போகும் சிக்கல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்; முன்கூட்டியே கட்டினால் அதைச் சரிசெய்ய நாள் இருக்கும். அப்படி ஆனால் உடனே இரண்டாம் முறை கட்டிவிடக் கூடாது. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, தளத்தில் நிலுவை குறைந்திருக்கிறதா என்று மறுநாள் பாருங்கள். யுபிஐ வழியாகக் கட்டி, பணம் அந்தப் பக்கம் சேரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதி. இதற்கு முறையிட வேண்டிய இடம் வங்கி. மாநகராட்சிக் கவுன்டரில் போய்ச் சண்டை போட்டால் நாள்தான் வீணாகும்.

ரசீதை முழுக்கப் படிப்பவர்கள் குறைவு. பொது வரியோடு கல்வி வரி, நூலக வரி எல்லாம் சேர்ந்ததுதான் சொத்து வரி. நூலக வரி 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழி வருவது, ரூபாய்க்குப் பத்துக் காசு. உங்கள் தெருமுனை நூலகத்துக்கு நீங்களும் பணம் தருகிறீர்கள் என்பது பலருக்குத் தெரியாது. குப்பை அள்ளுவதற்கான திடக்கழிவுச் சேவைக் கட்டணம் இதில் சேராமல் தனிக் கணக்காக நிற்கும். சொத்து வரியை மட்டும் கட்டிவிட்டு அதை விட்டால் அது தனியே நிலுவையாக ஏறிக்கொண்டே போகும்.

இனி அந்த இரண்டு மதிப்பெண் கதை. ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்று நாம் நினைக்கிறோம். அலுவலகத்தைப் பொறுத்தவரை அது மூன்று: சொத்து வரி எண், குடிநீர் இணைப்பு எண், பாதாளச் சாக்கடை இணைப்பு எண். சொத்து வரியில் பெயர் மாறினால் மற்ற இரண்டிலும் மாறிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. விண்ணப்பிக்கும்போதே மூன்று எண்களையும் குறிப்பிட்டு மூன்றிலும் மாற்றக் கேளுங்கள். பத்து வருடம் கழித்து, மறைந்துபோன தாத்தா பேரில் வந்து நிற்கும் குடிநீர்க் கட்டண நிலுவை அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படி விடுபட்டவைதான்.

பெயர் மாற்றத்துக்கு அடிப்படையாகத் தேவைப்படுபவை: பதிவான பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, நிலுவையில்லாத கடைசி ரசீது, அடையாளச் சான்று. விற்பவர் பேரில் நிலுவை இருந்தால் கோப்பு நகராது. ஆகவே பத்திரப் பதிவுக்கு முன்பே மூன்று எண்களிலும் நிலுவையைப் பார்த்து, விற்பவரைக் கட்ட வைத்து ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். பத்திரம் பதிவான மூன்று மாதத்துக்குள் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1920-ஆம் ஆண்டு நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்து இருக்கும் கடமை. தெரிவிக்காதவரை பழைய உரிமையாளர் பேருக்கே கேட்பு, அதாவது வரி கட்டச் சொல்லும் அறிவிப்பு, போகும். விற்றவருக்கும் இதில் அக்கறை வேண்டும்.

கோப்பு திரும்பி வரும் முதல் காரணம் சர்வே எண். நகர எல்லைக்குள் நிலம் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்றுதான் பதிவாகிறது. பத்திரத்திலோ பழைய கிராம சர்வே எண் இருக்கும். இரண்டையும் இணைக்கும் காகிதம் டவுன் சர்வே நிலப் பதிவேட்டு நகல். வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அதை முதலிலேயே சேர்த்துவிட்டால் ஒரு நடை மிச்சம். அந்த நகலில் இன்னும் முந்தைய உரிமையாளர் பெயரே இருந்தால், முதலில் பட்டா மாறுதல், பிறகு வரிப் பெயர் மாற்றம் என்று போவதுதான் நல்லது. தலைகீழாகப் போனால் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும்.

இரண்டாவது காரணம் இனிஷியல். திருமணத்துக்கு முன் வாங்கிய பத்திரத்தில் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து. ஒரு சான்றில் ‘சுப்பிரமணியன்’, இன்னொன்றில் ‘சுப்பிரமணி’. அலுவலகம் இதைத் தட்டிக்கழிப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே பெயரில் இருவர் உள்ள தெருவில் தவறாகப் பெயர் மாற்றிவிட்டால் அதன் விளைவு பெரிது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கான சான்றை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

வாரிசு வழியில் வரும் வீட்டுக்கு இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். இறப்புச் சான்றில் உள்ள பெயர் பத்திரத்தில் உள்ளது போலவே இருக்கிறதா என்பதைச் சான்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். துக்க வீட்டில் இதையெல்லாம் யார் கவனிப்பது என்று தோன்றும். நெருங்கிய உறவினர் ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் பின்னால் பெரிய அலைச்சல் தவிரும். நான்கு வாரிசுகளில் ஒருவர் பேருக்கு மட்டும் மாற்ற வேண்டுமென்றால் மற்ற மூவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது நிலைக்காது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வரி ரசீது சொத்துரிமைக்குச் சான்று ஆகாது. ரசீது தன் பேரில் இருப்பதை வைத்து ஒருவர் முழு வீட்டையும் விற்கப் பார்த்தால் மற்ற வாரிசுகள் பயந்துவிட வேண்டாம். வாங்க வருபவரும் ரசீதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அளவுத் திருத்தம் இன்னும் கடினம். வரி, தெருக்களை வரிக்காகப் பிரித்ததில் எந்த மண்டலம், எத்தனை சதுர அடி, குடியிருப்பா வணிகமா, எந்த வகைக் கட்டடம் என்பவற்றை வைத்துப் போடப்படுகிறது. இதில் ஒன்று தப்பினாலும் தொகை தப்பும். 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது சென்னைக்கு வெளியே குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று படிப்படியாக வைத்தார்கள். 590 சதுர அடி வீடு 610 என்று பதிவாகியிருந்தால், 1,000 ரூபாய் வரி 1,250 ஆவதற்குப் பதில் 1,500 ஆகியிருக்கும். அதன் பிறகு வரும் உயர்வுகளும் அந்தத் தவறான தொகையின் மேல்தான் ஏறும். இருபது சதுர அடிப் பிழை ஆயுள் முழுக்கத் தொடரும்.

ஆகவே உங்கள் வீட்டை ஒருமுறை நீங்களே அளந்து பாருங்கள். வெளிச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை நீளம், அகலம், ஒவ்வொரு தளமும் தனியாக. சதுர மீட்டரில் எழுதியிருந்தால் 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி. பதிவில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். திறந்த மொட்டை மாடி கட்டடமாகச் சேர்ந்திருப்பது, இடித்துவிட்ட பழைய ஓட்டுக் கட்டடம் இன்னும் கணக்கில் நிற்பது, மூடிவிட்ட கடை வணிகமாகவே தொடர்வது இவைதான் அடிக்கடி காணும் பிழைகள். விண்ணப்பத்தோடு கையால் வரைந்த அளவுப்படம், இரண்டு மூன்று புகைப்படம், கட்டட அனுமதி வரைபட நகல் வையுங்கள். ‘வரி அதிகமாக உள்ளது, குறைக்கவும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘பதிவில் 1,240 சதுர அடி, உண்மையில் 1,130, மொட்டை மாடி 110 தவறாகச் சேர்ந்துள்ளது’ என்று எழுதினால் வருவாய் ஆய்வாளர் வந்து அளந்து பார்க்க ஒரு பிடி கிடைக்கும். அளக்க வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும்; வீடு பூட்டியிருந்தது என்று ஒரு வரி எழுதி கோப்பை முடித்துவிட இடம் கொடுக்காதீர்கள்.

மனையில் வீடு கட்டி முடித்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மனைக்கு ஏற்கெனவே காலியிட வரி எண் இருந்தால், புதிய சொத்து வரி எண் கிடைத்ததும் பழையதை ரத்துசெய்யத் தனியாக எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு கேட்பும் ஓடும். 2024 ஜூலை 22-இல் வந்த சுயசான்று முறையால் 2,500 சதுர அடிக்குள்ளான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு உடனடியாக அனுமதி கிடைக்கிறது. நல்ல மாற்றம், மனமார வரவேற்கலாம். ஆனால் கட்டி முடித்தபின் வரி விதிப்புக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

காரைக்குடி, நாமக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலை நான்கும் 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாகின. இப்படி நகர எல்லை விரியும்போது சேர்க்கப்படும் ஊராட்சி மக்களின் கவலை நியாயமானது. ‘நூறு நாள் வேலை’ என்று மக்கள் சொல்லிப் பழகிய ஊரக வேலைத் திட்டம் கிராமப்புறத்துக்கு மட்டுமே உரியது. எல்லை மாறினால் அது போய்விடுகிறது. வழக்கமாக ஆண்டுக்கொருமுறை வீட்டு வரி கட்டிப் பழகியவர்கள் அரையாண்டுக் கணக்குக்கு மாற வேண்டும். இவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ஊராட்சியில் கட்டிய ரசீதுகளையும், ஊராட்சி வரித் தளத்தில் உள்ள உங்கள் கணக்கு விவரத்தையும் இப்போதே அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கணக்கு மாறும்போது கட்டிய பணம் நிலுவையாகக் காட்டப்பட்டால் உங்கள் கையிலிருக்கும் அந்தக் காகிதம்தான் சாட்சி.

கோப்பு நகராவிட்டால்? ஒப்புகை எண் இல்லாமல் எந்த விண்ணப்பத்தையும் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் ஆகியும் பதிலில்லை என்றால் முதல்வர் உதவி மையம் 1100-இல் அந்த எண்ணோடு பதியுங்கள். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு புகார் மூடப்பட்டால், என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘இந்த எண்ணுள்ள விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது, கோப்புக் குறிப்புகளின் நகல்’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பதிவேட்டைப் புரட்டித்தான் பதில் எழுத முடியும்.

ஒரு தெருவுக்கே மண்டலம் தவறாகப் போட்டிருந்தால் தனித்தனியாக எழுதுவதைவிட, வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைதான் சரியான இடம். 2022 விதிகளின்படி அமைந்த இந்தச் சபைகள் முதன்முதலாக அந்த ஆண்டு நவம்பர் 1-இல் கூடின; தலைமை வகிப்பவர் உங்கள் வார்டு உறுப்பினர். போகும்போது வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். தெருவில் உள்ள எல்லா வரி எண்களையும், சதுர அடியையும், அரையாண்டுத் தொகையையும் ஒரே தாளில் பட்டியலிட்டு, எல்லாரும் கையெழுத்திட்டு இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை உறுப்பினரிடம் கொடுத்து, இன்னொன்றில் பெற்றதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து எழுந்து போகுமுன் அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.