டிஎன்ஏ வெட்டுற போர்ஃபைரின் கிட்: குப்பி சூப்பர், பார்சல் மோசம்

மண்டபம் பக்கம் ஒரு காலேஜ்ல லேப் பாத்துக்குறேன். எம்எஸ்சி பசங்க ப்ராஜெக்ட்டுக்கு இந்த கிட்ட ஆன்லைன்ல வாங்குனோம், கம்பெனி பேரு வேணாம். போர்ஃபைரின்னா நடுவுல மெட்டல் உக்கார எடம் இருக்குற வளைய மூலக்கூறு. உள்ள மாங்கனீஸ் போர்ஃபைரின் ஒரு குப்பி, ஜிங்க் போர்ஃபைரின் ஒரு குப்பி, வெட்டிப் பாக்க பியுசி19 ப்ளாஸ்மிட் (வட்டமான குட்டி டிஎன்ஏ), ஆக்சிஜனேற்றம் பண்ற ஆக்சோன் பொடி, அமிலத்தன்மை மாறாம பாத்துக்குற பஃபர், ஜெல் போட அகரோஸ், ஒரு குட்டி எல்இடி லைட்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன், போர்ஃபைரின் ரெண்டுமே சுத்தமான சரக்கு. மெட்டல் ஏறாத வெறும் போர்ஃபைரின்னா, எந்த வெளிச்சத்த எவ்ளோ உறிஞ்சுதுன்னு காட்டுற ஸ்பெக்ட்ரம்ல 500லருந்து 650 நானோமீட்டருக்குள்ள நாலு குட்டி பீக் வரும், நடுவுல மெட்டல் உக்காந்துட்டா ரெண்டா கொறஞ்சிரும், ஜிங்க் குப்பில ரெண்டே ரெண்டுதான் வந்துச்சு. மாங்கனீஸ்ல பெரிய பீக்கு 462 கிட்ட நிக்குது, மெட்டல் இல்லாததுக்கு அது 422. குறை சொல்ல ஒண்ணுமில்ல.

ரெண்டும் வெட்டுற விதம் வேற வேற, கிட்டோட அழகே அதான். ரெண்டுலயும் ஓரத்துல நாலு பிளஸ் சார்ஜ் இருக்கு, டிஎன்ஏ மைனஸ், அதனால தானா போயி ஒட்டிக்கும். மாங்கனீஸுக்கு ஆக்சோன் குடுத்தா அது மாங்கனீஸ் ஆக்ஸோவா (மாங்கனீஸ்ல ஆக்சிஜன் ஒட்டுனது) மாறி டிஎன்ஏ சர்க்கரைலருந்து ஹைட்ரஜன உருவிரும், லைட்டே வேணாம். (1980கள்ல பிரான்ஸ்ல துலூஸ்ல பெர்னார்ட் மூனியே குரூப் போட்டுப் பாத்த கெமிஸ்ட்ரி இது.) ஜிங்க்குக்கு ஆக்சோன் வேணாம், லைட் வேணும், சுத்தி இருக்குற ஆக்சிஜன சிங்லெட் ஆக்சிஜனா (சட்டுனு வினை செய்ற ஆக்சிஜன்) மாத்தி விட்ரும், அது பெரும்பாலும் டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஒண்ணான குவானின்லதான் கை வைக்கும்.

இப்ப கொறைக்கு வர்றேன். ஐஸ் பேக் போட்டு அனுப்புறோம்னு சொன்னாங்க, பார்சல் வந்து சேந்தப்ப ஐஸ் தண்ணியாகி டப்பா சுடுது, சித்திரை வெயில்ல ராம்நாட்டுலருந்து இங்கிட்டு வண்டில வர்றதுக்குள்ள வேற என்ன ஆகும். அகரோஸ் ஜெல்லுல கரண்ட் குடுத்து டிஎன்ஏவ ஓட விட்டு (ஒரு சாம்பிளுக்கு ஒரு லேன், டிஎன்ஏ நிக்குற கோடுதான் பேண்ட்) யூவி லைட்ல வச்சதுமே ஒரு பையன் கேட்டான், "அண்ணே, ஒண்ணும் போடாத லேன்லயே மேல பேண்ட் தடிமனா நிக்குதே?" முறுக்குன ப்ளாஸ்மிட் வேகமா ஓடி கீழ நிக்கணும், ஒரு இழை அறுந்துச்சுன்னா முறுக்கு அவுந்து மேலயே தங்கிரும், ரெண்டு இழையும் அறுந்து நீளமானா நடுவுல வரும். ப்ளாஸ்மிட்டோட எதுவுமே சேக்காம பாதி மேல நிக்குதுன்னா எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அறுந்துருச்சுன்னு அர்த்தம், அப்பறம் போர்ஃபைரின் எவ்ளோ வெட்டுச்சுன்னு எத வச்சு சொல்ல? போன் பண்ணுனா "டெம்பரேச்சர் பிரச்சனை இல்ல சார்"ங்குறாங்க.

மேனுவல் அதவிட மோசம். ஜிங்க்குக்கு இருட்டுல வச்ச லேன் ஒண்ணு கண்டிப்பா வேணும், போர்ஃபைரின் இல்லாம லைட் மட்டும் பட்ட லேன் ஒண்ணு வேணும், ரெண்டும் அதுல கெடையாது. ஆக்சோன் கரைசல் நல்ல அமிலம், பஃபர் பத்தலன்னா அந்த அமிலமே டிஎன்ஏவ கெடுக்கும், அதப்பத்தியும் ஒரு வரி இல்ல. குப்பி வேற வெள்ளக் கண்ணாடி, கடல பாத்த ஜன்னல் இருக்குற எங்க லேப்ல ஃபாயில் சுத்தலன்னா அவ்ளோதான். எங்க காலேஜ் ப்ளாஸ்மிட்ட போட்டு இருட்டு லேனும் வச்சு ஓட்டுனப்பதான் படம் தெளிவா வந்துச்சு, லைட் பட்ட லேன்ல கீழ பேண்ட் மங்கி மேல ஏறுது, இருட்டு லேன் அப்டியே கெடக்கு, சிங்லெட் ஆக்சிஜன அணைக்கிற சோடியம் அசைடு சேத்தா வெட்டு கொறையுது.

அகரோஸ் வெலையப் பாத்துதான் எனக்கு வயித்தெரிச்சல். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்து பொம்பளைங்க முங்கி எடுக்குற மரிக்கொழுந்துப் பாசி மாதிரி பாசிலருந்துதான் அகர், அத சுத்தம் பண்ணுனா அகரோஸ். பாசிக்கு என்ன வெல குடுக்குறாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

அஞ்சுக்கு மூணு. குப்பி தனியாவும் விக்கிறாங்க, அத மட்டும் வாங்குங்க, ப்ளாஸ்மிட்ட ஈகோலை பாக்டீரியாலருந்து நீங்களே எடுத்துக்கங்க. போர்ஃபைரினோட நாலு மூலைலயும் ருத்தேனியம் கோத்த பெரிய அசெம்பிளி ஒண்ணும் கேட்டலாக்ல இருக்கு, சார்ஜ் இன்னும் கூட, பசங்க கேக்குறாங்க, ஐஸ் ஒழுங்கா வெக்கிற வரைக்கும் அதுல காசு போட மாட்டேன்.